சர்வோ மாற்றியபின் 2-3 மாற்றத்தில் வந்த உறுமல்: ஒரு 4எல்60-இ பழுதுதேடல்

பழைய பிக்கப் ஒன்றின் 4எல்60-இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில், இரண்டாம் கியர் சர்வோவைக் கழற்றிவிட்டு, கார்வெட் சர்வோ என்று பலரும் சொல்லும் பெரிய பிஸ்டன் கொண்ட சர்வோவைப் போட்டேன். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறுவது அதுவரை இழுவையாக இருந்தது. அது தீர்ந்தது. ஆனால் வண்டி நன்றாகச் சூடானபின், இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது இன்ஜின் ஒரு கணம் உறுமிவிட்டு, அப்புறம்தான் மூன்றாம் கியர் பிடித்தது. குளிர்ந்த வண்டியில் இது கிடையாது. இந்தப் பதிவு பெரும்பாலும் அந்த உறுமலைத் தேடிப் போன கதைதான். சர்வோ மாற்றும் வேலையைத் தேவையான அளவுக்கு மட்டும் சொல்கிறேன்.

இந்த கியர்பாக்ஸைத் தொடாதவர்களுக்காகச் சில வரிகள். ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் கொண்டுவந்த 700-ஆர்4-ன் வழித்தோன்றல் இது. மின்கட்டுப்பாடு சேர்ந்து 1993-ல் 4எல்60-இ என்று வந்தது. விகிதங்கள் 3.06, 1.63, 1.00, 0.70. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகையில் இன்ஜின் சுற்று ஏறக்குறைய பாதியாக விழ வேண்டும். அவ்வளவு பெரிய இறக்கத்தைத் தாங்கிப் பிடிப்பது ஒரு பேண்ட், அதாவது டிரம்மைச் சுற்றி இறுக்கும் உராய்வுப் பட்டை. இரண்டாம் கியரிலும் நான்காம் கியரிலும் அதற்கு வேலை உண்டு என்பதால் 2-4 பேண்ட் என்பார்கள். அதை இறுக்குவதுதான் சர்வோ. ஆயில் அழுத்தத்தில் பிஸ்டன் நகரும், அதன் நுனியில் இருக்கும் ‘பின்’ என்ற கம்பி பேண்டைத் தள்ளும். பிஸ்டனின் பரப்பு கூடினால் அதே அழுத்தத்தில் பிடி கூடும். கார்வெட் சர்வோவின் ரகசியம் இவ்வளவுதான்.

கியர்பாக்ஸை இறக்காமலே இதைச் செய்யலாம் என்பதுதான் இந்த வேலையின் கவர்ச்சி. கேஸின், அதாவது கியர்பாக்ஸின் வெளிக்கூட்டின், வலப்பக்கத்தில், பேன் எனப்படும் அடி ஆயில் தட்டுக்குச் சற்று மேலே, வட்டமான மூடி ஒன்று இருக்கும். அதை சர்க்ளிப் என்ற பெரிய பிடிவளையம் ஒன்று பிடித்திருக்கும். மூடியை உள்ளே அழுத்தினால் சர்க்ளிப் தளரும். பேன் போல்ட் துளையில் மாட்டிக்கொண்டு மூடியை அழுத்தும் சின்னக் கருவி ஒன்று கிடைக்கிறது. அது இருந்தால் பாதி வேலை முடிந்தது மாதிரி. இல்லாமல் நெம்புகோலை வைத்துப் போராடினால், அருகிலேயே ஓடும் புகைபோக்கிக் குழாயும் வெப்பத்தகடும் கையைப் பதம் பார்க்கும். மூடியின் ஓ-ரிங் வெளியே வரும்போதும் உள்ளே போகும்போதும் சர்க்ளிப் பள்ளத்தின் கூரான விளிம்பில் அறுபடும் குணம் உடையது. பழையதைத் திரும்பப் போடாமல் புதியதாகவே போடுங்கள். நிறைய வேசலின் தடவுங்கள். வேசலின் ஆயிலில் கரைந்துவிடும். சக்கர பேரிங்குக்குப் போடும் கிரீஸ் கரையாது, ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியின் சின்னத் துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும்.

மாற்றி முடித்து ஓட்டியதும் முதலில் வந்தது வேறொரு தொல்லை. லேசாக மிதித்தாலே ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஒரு குத்தோடு மாறியது. சர்வோ போட்ட பலரும் இங்கேதான் பயந்துபோய்ப் பழையதைத் திரும்பப் போடுகிறார்கள். பயப்படுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுவது நல்லது.

ஒன்று, கம்ப்யூட்டர் பதிவுசெய்யும் பழுதுக் கோடு (code). இந்த கியர்பாக்ஸில் பி1870 என்ற கோடு விழுந்தால், டார்க் கன்வெர்ட்டர் லாக்-அப் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டும் பிடிமானம்) வழுக்குகிறது என்று கம்ப்யூட்டர் முடிவுகட்டி, லாக்-அப்பை நிறுத்திவிட்டு, லைன் பிரஷரை, அதாவது கியர்பாக்ஸின் முதன்மை ஆயில் அழுத்தத்தை, உச்சத்துக்கு ஏற்றிவிடும். கியர்பாக்ஸைக் காப்பாற்றும் ஏற்பாடுதான், ஆனால் அதன் விளைவு முரட்டுத்தனமான 1-2 மாற்றம். வால்வ் பாடியில் லாக்-அப்புக்கான வால்வ் ஓடும் துவாரம் தேய்வதுதான் வழக்கமான காரணம். அந்த நிலையில் சர்வோவைக் குறை சொல்லிப் பயனில்லை. என் ஸ்கேனரில் எந்தக் கோடும் இல்லை.

இரண்டாவது, கம்ப்யூட்டரின் பழக்கம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது அளந்துகொண்டே இருக்கும். இழுத்தால் அடுத்த முறை அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றும். பழைய சர்வோ இழுத்துக்கொண்டிருந்ததால், அதைச் சரிக்கட்ட ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்த அழுத்தம் பெரிய பிஸ்டனோடு சேர்ந்தால் குத்தாமல் என்ன செய்யும்? ஸ்கேனர் வழியாக அந்தக் கற்றல் மதிப்புகளை அழித்தேன். குத்து உடனே குறைந்தது. பிறகு லேசான மிதி, நடுத்தர மிதி என்று மாற்றி மாற்றி ஓட்ட ஓட்ட இன்னும் படிந்தது. இதெல்லாம் எளிய பகுதி.

சரி, உறுமலுக்கு வருவோம்.

சூடான வண்டியில், நடுத்தர மிதியில், இரண்டாம் கியர் 2500 சுற்றில் இருக்கும்போது மூன்று வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.63-லிருந்து 1.00-க்குப் போகும்போது சுற்று 1550 பக்கம் விழ வேண்டும். கன்வெர்ட்டர் நழுவலுக்காகச் சற்றே கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். என் வண்டியில் முதலில் 2900 வரை ஏறி, அப்புறம் விழுந்தது. ஸ்கேனரில் பார்த்தால் கம்ப்யூட்டர் மூன்றாம் கியரைக் கேட்டுவிட்டது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவில்தான் அந்த இடைவெளி.

என்னுடைய முறை என்று ஒன்று இருந்தால் அது இதுதான்: எந்த கியரில் எந்தப் பிடிமானம் வேலை செய்கிறது என்ற கணக்கை முதலில் போடுவது, கையை அப்புறம் வைப்பது. 4எல்60-இ-யில் 2-4 பேண்ட் இரண்டிலும் நான்கிலும் பிடிக்கும். 3-4 கிளட்ச் என்ற உராய்வுத் தகடுகளின் அடுக்கு மூன்றிலும் நான்கிலும் பிடிக்கும். லீவரை 2-ல் வைத்து நன்றாக மிதித்துப் பார்த்தேன், வழுக்கல் இல்லை. நான்கிலும் இல்லை. அப்படியானால் பேண்ட், சர்வோ பின், இரண்டாம் பிஸ்டன் ரிங் எல்லாம் தம் வேலையைச் செய்கின்றன. மூன்றாம் கியர் பிடித்த பிறகு முழு மிதி கொடுத்தாலும் அது விடவில்லை. ஆகவே 3-4 கிளட்சின் உராய்வுத் தகடுகள் எரிந்துவிடவில்லை. தகடுகள் எரிந்திருந்தால் பாரம் ஏறியதும் மூன்றிலும் நான்கிலும் தொடர்ந்து வழுக்கியிருக்கும், ஆயிலில் கருகல் வாடை வந்திருக்கும். இங்கே கிளட்ச் பிடிக்கிறது, ஆனால் தாமதமாகப் பிடிக்கிறது. சூட்டில் மட்டும் தாமதம் என்றால், நீர்த்துப்போன ஆயில் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

இடையில் ஒன்று. சர்வோ, ஷிஃப்ட் கிட், துளை பெரிதாக்கிய பிளேட், கம்ப்யூட்டர் ட்யூனிங் என்று எல்லாவற்றையும் ஒரே வாரக்கடைசியில் போட்டுவிட்டு, பிறகு 2-3 உறுமுகிறது என்று வருபவர்கள் உண்டு. அவர்களுக்கு மேலே சொன்ன கணக்கைப் போடவே முடியாது. எந்த மாற்றம் எதைக் கிளப்பியது என்று தெரியாது. இந்த வண்டியில் மாறியது சர்வோ ஒன்று மட்டுமே. அது எனக்குப் பெரிய வசதியாக இருந்தது.

மின் பக்கத்தை விரைவாக ஒதுக்கிவிட முடிந்தது. 2-3 மாற்றத்தை நடத்துவது பி சொலினாய்டு, அதாவது ஆயில் வழியைத் திறந்து மூடும் மின்வால்வ். இரண்டாம் கியரில் அது ஆனில் இருக்கும். மூன்றில் ஏ, பி இரண்டுமே ஆஃப். கேஸ் கனெக்டரைக் கழற்றிவிட்டால் இந்த கியர்பாக்ஸ் டிரைவில் மூன்றாம் கியரிலேயே நிற்பதற்கும் அதுவே காரணம். பி சொலினாய்டு கெட்டிருந்தால் மூன்று வராமலே போயிருக்கும், அல்லது இரண்டு வந்திருக்காது. தாமதமாகி, ஆனால் தவறாமல் வரும் மூன்றுக்கு அது பொருத்தமான காரணம் அல்ல. இருந்தாலும் மீட்டரை வைத்தேன். ஷிஃப்ட் சொலினாய்டுகள் அறை வெப்பத்தில் 19 முதல் 24 ஓம், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சொலினாய்டு 3.5 முதல் 4.6 ஓம். எல்லாம் அந்த எல்லைக்குள்தான் இருந்தன.

அடுத்தது லைன் பிரஷர். கேஸின் இடப்பக்கம், லீவர் இணைப்புக்குப் பக்கத்தில், 1/8 அங்குல பைப் த்ரெட் பிளக் ஒன்று இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, 300 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜை நீண்ட ஹோஸில் மாட்டி, ஓட்டிக்கொண்டே பார்க்கும்படி முன் கண்ணாடிக்கு வெளியே கட்டினேன். கேஜை வண்டிக்குள் கொண்டுவராதீர்கள். ஹோஸ் விட்டுப்போனால் சுடு ஆயில் முகத்தில்தான் அடிக்கும். இதில் ஒரு தலைகீழ்க் கணக்கை நினைவில் வைக்க வேண்டும்: அழுத்தச் சொலினாய்டுக்குப் போகும் மின்னோட்டம் கூடினால் அழுத்தம் குறையும். ஏறத்தாழ 1 ஆம்பியர் போகும்போது 55 முதல் 65 பிஎஸ்ஐ, மின்னோட்டம் அற்றுப்போகும்போது 170 முதல் 190. ஒயர் அறுந்தாலும் கியர்பாக்ஸ் முழு அழுத்தத்தில் உயிரோடு இருக்கட்டும் என்றுதான் அப்படி அமைத்திருக்கிறார்கள்.

ஐட்லிங்கில் 60-ஐ ஒட்டி நின்றது. மிதிக்க மிதிக்க ஒழுங்காக ஏறியது. முக்கியமாக, உறுமல் வந்த அந்தக் கணத்திலும் ஊசி விழவில்லை. பம்ப் நன்றாக இருக்கிறது, ஃபில்டர் அடைக்கவில்லை, அழுத்தச் சொலினாய்டும் சரி. அப்படியானால் கசிவு 2-3 வால்வைத் தாண்டிய பாதையில், அதாவது 3-4 கிளட்சுக்குப் போகும் கிளையில், அதுவும் பம்பின் அழுத்தத்தை இறக்கிவிடாத அளவு சின்னதாக இருக்க வேண்டும்.

அந்தக் கிளையில் சந்தேகிக்கத்தக்க இடங்கள் சில. கிளட்ச் டிரம்முக்குள் இருக்கும் பிஸ்டன் சீல்கள் சூட்டில் கெட்டித்துப் போயிருக்கலாம். அதைப் பார்க்க கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும். 3-4 அக்யூமுலேட்டரின் (மாற்றத்தின் அதிர்வைக் குறைக்கும் ஸ்பிரிங்-பிஸ்டன்) ‘பின்’ கம்பி கேஸில் தளர்ந்து கசிவது இந்த கியர்பாக்ஸில் பெயர்பெற்ற வியாதி. ஆனால் அதன் வேலை மூன்றிலிருந்து நான்குக்கு மாறும்போதுதான். என் வண்டியில் அந்த மாற்றம் சுத்தமாக இருந்தது.

மீதி இருந்தது, நான் கை வைத்த அதே சர்வோ குழி. கேட்டால் விந்தையாக இருக்கும்: சர்வோ பேண்டைப் பிடிப்பது, கிளட்சுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு. மூன்றாம் கியருக்குப் போன பிறகும் இரண்டாம் கியர் ஆயில் சர்வோ பிஸ்டனை ஒரு பக்கம் அழுத்திக்கொண்டுதான் இருக்கும். பேண்டை விடுவிப்பது, 3-4 கிளட்ச் ஆயிலிலிருந்து பிரிந்து பிஸ்டனின் மறுபக்கத்துக்கு வரும் கிளையும் ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் சேர்ந்து. அதாவது கிளட்சை நிரப்புவதும் பேண்டைத் தள்ளி விலக்குவதும் ஒரே ஆயில். பிஸ்டன் பின்வாங்க எடுக்கும் அந்த ஆயில்தான் 2-3 மாற்றத்துக்கு மெத்தையும் கூட. பெரிய பிஸ்டன் போட்டால் அந்த அறையை நிரப்பவும் கூடுதல் ஆயில் வேண்டும். அந்தப் பாதையில் ஏற்கெனவே ஒரு கசிவு இருந்தால், முன்பு மழுப்பிக்கொண்டிருந்தது இப்போது வெளியே தெரியும். பழைய சர்வோவுடனும் 2-3 கொஞ்சம் வழவழப்பாகத்தான் மாறிக்கொண்டிருந்தது. 1-2 இழுவையின் நிழலில் அது பெரிதாகத் தெரியவில்லை என்பது என் கணிப்பு.

அந்தக் கிளையில் ஒரு சின்ன கேப்சூல் இருக்கிறது. மூன்றாம் அக்யூமுலேட்டர் செக் வால்வ் என்பது அதன் முறையான பெயர். சர்வோ குழியின் உள்பக்கம், கேஸில் அடித்துப் பொருத்திய உலோகக் குழல். உள்ளே ஒரு குண்டு. ஒன்று, இரண்டு கியர்களில் அந்தப் பாதையில் தேங்கும் ஆயில் வடிந்துபோக வழிவிடும். மூன்றாம் கியர் ஆயில் அழுத்தத்தோடு வந்ததும் குண்டு இருக்கையில் உட்கார்ந்து வழியை அடைத்துவிடும். குண்டு சரியாக உட்காராவிட்டால் கிளட்சுக்குப் போக வேண்டிய ஆயில் அதன் வழியே கேஸுக்குள் ஒழுகும். பல 3-4 கிளட்ச்கள் கருகுவதற்குக் காரணம் இந்தச் சிறு குழல்தான். கியர்பாக்ஸைப் புதுப்பித்து, புதுக் கிளட்ச் போட்டுவிட்டு, இதைப் பார்க்காமல் மூடினால் புதுக் கிளட்சும் கருகும்.

பேனை இறக்கினேன். சுமார் 4.7 லிட்டர் வந்தது. காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மெல்லிசாக ஒட்டியிருந்தது, அது இயல்பானது. கறுப்புத் தகட்டுத் துகள் இல்லை என்பதைப் பார்த்ததும் மூச்சு வந்தது. சர்வோவை மறுபடி வெளியே எடுத்தேன். புது ரிங்குகள் ஒன்றும் கிழியவில்லை, ஓ-ரிங்குகள் முழுசாக இருந்தன, குழியின் சுவரில் கீறல் இல்லை. டார்ச்சை வைத்துப் பார்த்தால் கேப்சூலின் வாய் தெரியும். முனையில் ரப்பர் குழாய் மாட்டிய சிரிஞ்சில் ஆயில் எடுத்து, வாயில் இறுக்கி வைத்து, சட்டென்று அழுத்தினேன். குண்டு உட்கார்ந்தால் சிரிஞ்ச் உடனே விறைத்துப் போகும். விறைக்கவில்லை. ஆயில் தடையில்லாமல் உள்ளே போய், திறந்திருந்த அடிப்பக்கம் வழியாகச் சொட்ட ஆரம்பித்தது. அழுத்தத்தை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தும் அதே கதை.

கேப்சூலை எடுப்பதற்கு முன் அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, பக்கத் துளைகள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று புகைப்படம் எடுத்துக்கொண்டேன். புதியதும் அதே திசையைப் பார்க்க வேண்டும். மாறிப்போனால் பாதையே அடைபட்டுவிடும். எடுப்பதற்கு, உடைந்த போல்ட்டைக் கழற்றப் பயன்படுத்தும் ஸ்க்ரூ எக்ஸ்ட்ராக்டர்தான் கருவி. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, குழிக்குள் கையை நீட்டி, அதை நேராகப் பிடித்துத் திருப்புவது எரிச்சலான வேலை. சுத்தியலால் ஓங்கி அடித்து உட்செலுத்த வேண்டாம். கேஸ் அலுமினியம், விரிந்துவிடும். எக்ஸ்ட்ராக்டரின் பற்களில் கெட்டியாக வேசலின் அப்பி வைத்தால் சீவல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். குழல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்று வந்தது. கழுவிப் பார்த்தபோது குண்டின் இருக்கை ஒரு பக்கம் மட்டும் பிறைபோலத் தேய்ந்திருந்தது. குண்டிலும் மங்கலான வளையம்.

புது கேப்சூலை 3/8 அங்குலக் கம்பி வைத்து மெதுவாகத் தட்டிப் பழைய ஆழத்துக்கு இறக்கினேன். அதே சிரிஞ்ச் சோதனை: இந்த முறை உடனே விறைத்தது. குழியையும் பாதையையும் சுத்தமான ஆயிலால் பலமுறை கழுவி, பஞ்சு உதிராத துணியால் துடைத்து, சர்வோவை உள்ளே விட்டேன். சர்வோவின் ‘பின்’ கம்பி பேண்டின் காதில் உட்கார்ந்ததா என்று மூடி போடுவதற்கு முன் உறுதிசெய்துகொள்ள வேண்டும்: பிஸ்டனைக் கையால் அழுத்தினால் கொஞ்ச தூரம் ஸ்பிரிங்கை எதிர்த்துப் போய், பிறகு பேண்டில் முட்டி நிற்கும். எதிலும் முட்டாமல் போய்க்கொண்டே இருந்தால் இரண்டாம் கியரும் நான்காம் கியரும் கிடைக்காது. புது ஃபில்டர், புது பேன் கேஸ்கெட், பேன் போல்ட்டுகள் 11 நியூட்டன் மீட்டர். அதற்குமேல் இறுக்கினால் பேனின் விளிம்பு வளைந்து, கசிவை நாமே உண்டாக்குவோம்.

டெக்ஸ்ரான் 6 கியர்பாக்ஸ் ஆயில் ஊற்றி, வண்டியைச் சூடாக்கி, ஆயில் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டியபின், இன்ஜின் ஓடும்போதே பார்க்கில் மட்டம் பார்த்தேன். கற்றல் மதிப்புகளை மறுபடி அழித்தேன்.

குளிர்ந்த ஓட்டத்தில் சொல்ல ஒன்றுமில்லை. நீண்ட ஏற்றத்தில் பாரத்தோடு ஏற்றி, ஆயிலை நன்றாகச் சூடாக்கிய பிறகுதான் உண்மையான சோதனை. அதே நடுத்தர மிதியில், 2500-ல் மூன்றைக் கேட்டது. ஊசி மேலே ஏறாமல் நேராக 1600-ஐ ஒட்டி விழுந்தது. லேசான மிதியிலும் முழு மிதியிலும் அப்படியே. மூன்றிலிருந்து இரண்டுக்குத் திரும்பும்போது முன்பு இருந்த ஒரு சின்னத் தள்ளாட்டமும் காணாமல் போனது. அதே ஆயில் பாதைதானே, ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மூடியின் ஓ-ரிங்கைச் சுற்றி ஒரு துளிகூட இல்லை. காலை நேரக் குளிரில் 1-2 இன்னும் சற்று அழுத்தமாகத்தான் மாறுகிறது. பெரிய சர்வோவுக்கு அது இயல்பு. அதைக் குறைக்க 1-2 அக்யூமுலேட்டர் ஸ்பிரிங்கை மாற்றலாம், ஆனால் எனக்கு அந்த அழுத்தம் பிடித்திருக்கிறது, விட்டுவிட்டேன். 3-4 அக்யூமுலேட்டர் பின்னை மட்டும் குறித்து வைத்திருக்கிறேன். அதைப் பார்க்க வால்வ் பாடியை இறக்க வேண்டும். மூன்றிலிருந்து நான்குக்கு மாறுவதில் ஏதாவது தளர்வு தெரிந்தால், அடுத்த ஆயில் மாற்றத்தின்போது அதையும் திறந்து பார்ப்பேன்.